அதிர்வை அடக்கிய லான்செஸ்டர்



போடிநாயக்கனூர் தெரியும்தானே? தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். மலைமேல் விளைகிற ஏலக்காய் கீழே இறங்கி போடிக்குத்தான் வரும். அங்கே அதை ஏலம் விடுவார்கள். ஏலக்காய்க்கே ஏலமா என்று சிரிக்காதீர்கள். உண்மைதான்!

போடியில் இருந்து புறப்பட்டு முந்தலைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்கிவிடும். போடிமெட்டு போய்ச் சேர்வதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். தினமும் விடிகாலையில் ஏலத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலே போகும். சாயங்காலம் அதே ஜீப்புகள் கீழே இறங்கும்.

அப்படி இறங்குகிற ஒரு ஜீப்பில் நீங்களும் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம்தான் அந்த வண்டிக்குப் புது பிரேக் போட்டிருக்கிறார்கள். முதல் வளைவு வருகிறது. டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். 'கிறீச்ச்...!' காது கூசுகிறது. ஸ்டீயரிங் வேறு அவர் கையில் கடகடவென்று நடுங்குகிறது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். எல்லோருக்கும் நெஞ்சு படபடக்கிறது. டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிடுகிறார்.

பழைய பிரேக் கத்தினால் தேய்ந்துவிட்டது என்று சொல்லலாம். புது பிரேக் ஏன் கத்துகிறது? ஏன் நடுங்குகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், நூறு வருஷங்களுக்கு முன்பு இதே சத்தத்தோடும் இதே நடுக்கத்தோடும் மல்லுக்கட்டிய ஒரு மனிதரிடம் போய் நிற்போம். அவர் பெயர் ஃபிரெடரிக் வில்லியம் லான்செஸ்டர். அவருடைய கதையைப் பார்த்துவிட்டு ஜீப்புக்குத் திரும்பி வருவோம். அதுவரை ஜீப் அங்கேயே நிற்கட்டும்!

பட்டம் வாங்காத பொறியாளர்

1868-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி, லண்டன் நகரின் லூயிஷாம் பகுதியில் லான்செஸ்டர் பிறந்தார். அப்பா, கட்டடங்களுக்கு வரைபடம் போடும் கலைஞர். வீட்டில் மொத்தம் 8 குழந்தைகள். இவர் நான்காவது.

அறிவியல் படிக்க உதவித்தொகை கிடைத்து லண்டனில் படித்தார். ஆனால் பட்டம் எதுவும் வாங்காமலே 1888-இல் வெளியே வந்துவிட்டார். படிப்பு வராததால் அல்ல. அவருக்குப் பட்டறையும் இயந்திரமும்தான் பிடித்திருந்தன.

அடுத்த வருஷம் பர்மிங்ஹாம் நகரில், கேஸ் எஞ்சின் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. சம்பளம் வாரத்துக்கு ஒரு பவுன். வேலையில் சேரும்போது ஓர் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். அதில், அவர் எதைக் கண்டுபிடித்தாலும் அது கம்பெனிக்கே சொந்தம் என்று ஒரு வரி இருந்தது. வேறு யாராக இருந்தாலும் வேலை கிடைத்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டிருப்பார்கள். லான்செஸ்டர் பேனாவை எடுத்து, முதலில் அந்த வரியை அடித்தார். பிறகுதான் கையெழுத்துப் போட்டார்!

அவர் செய்தது சரிதான் என்று சீக்கிரமே தெரிந்தது. அந்தக் காலத்து கேஸ் எஞ்சினை இயக்கிவிடுவது பெரிய பாடு. கனமான சக்கரத்தைப் பலங்கொண்ட மட்டும் சுற்ற வேண்டும். லான்செஸ்டர் அதற்கு ஒரு சாதனம் கண்டுபிடித்தார். உரிமை அவரிடமே இருந்ததால், அதில் வந்த பணமும் அவருக்கே வந்தது. அந்தப் பணம்தான் பின்னால் கார் கட்ட உதவியது.

நடுங்கிய முதல் கார்

அந்தக் காலத்து இங்கிலாந்தில் கார் ஓட்ட ஒரு வேடிக்கையான சட்டம் இருந்தது. மணிக்கு 4 மைல், அதாவது ஆறரை கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து போக வேண்டும்! 1896 நவம்பரில்தான் இந்தச் சட்டம் மாறியது.

சட்டம் மாறும்வரை லான்செஸ்டர் காத்திருக்கவில்லை. 1895-இல் கார் கட்டத் தொடங்கி, 1896-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே அதைச் சாலைக்குக் கொண்டுவந்துவிட்டார். முழுக்க முழுக்க இங்கிலாந்திலேயே உருவான முதல் நான்கு சக்கர பெட்ரோல் கார் என்று அதைச் சொல்கிறார்கள்.

கார் ஓடியது. ஆனால் ஒரு குறை. ஒரே ஒரு சிலிண்டர் உள்ள எஞ்சின். பிஸ்டன் ஒவ்வொரு முறை போய் வரும்போதும் வண்டி முழுவதும் குலுங்கியது. மற்றவர்கள், எஞ்சின் என்றால் அதிரத்தானே செய்யும் என்று விட்டுவிட்டார்கள். லான்செஸ்டரால் விட முடியவில்லை.

அவர் யோசித்த விதத்தைக் கவனியுங்கள். ஒரு கயிற்றை ஒருவர் மட்டும் இழுத்தால் கயிறு அவர் பக்கம் போகும். எதிர்ப்பக்கத்தில் இன்னொருவர் அதே பலத்தோடு இழுத்தால்? கயிறு அசையாது. அப்படியென்றால், ஓர் அதிர்வுக்கு எதிராக இன்னோர் அதிர்வை உண்டாக்கினால் இரண்டும் ஒன்றையொன்று சாப்பிட்டுவிடும் அல்லவா?

1897-இல் புதிய எஞ்சின் செய்தார். இரண்டு சிலிண்டர்கள், எதிரெதிர்த் திசைகளில் சுற்றும் இரண்டு தண்டுகள். ஒன்றின் குலுக்கலை இன்னொன்று அடக்கியது. 1899 டிசம்பரில், தம்பிகளோடு சேர்ந்து பர்மிங்ஹாமில் சொந்தக் கார் கம்பெனியும் தொடங்கினார்.

அவருடைய கார்கள் நம் நாட்டுக்கும் வந்தன. கிரிக்கெட்டில் புகழ்பெற்ற ரஞ்சித்சிங், நவாநகர் சமஸ்தானத்தின் மன்னராக இருந்தார். அவர் லான்செஸ்டர் கார்களை விரும்பி வாங்கினார். அல்வார் மன்னருக்கு 1924-இல், பொன்னிறத்தில், அரசர்களின் சாரட்டு வண்டியைப் போலவே ஒரு லான்செஸ்டர் காரைச் செய்து கொடுத்தார்கள்.

தட்டைப் பிடித்தால் வண்டி நிற்கும்

இனி பிரேக்குக்கு வருவோம்.

ஓடும் காரை நிறுத்துவது எப்படி? அந்தக் காலத்தில் சக்கரத்தோடு சுற்றும் உருளையைச் சுற்றி ஒரு பட்டையை இறுக்குவார்கள். மழையில் அது வழுக்கும்; சூடேறினால் பிடிக்காது.

லான்செஸ்டர் வேறு மாதிரி யோசித்தார். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும்படி ஓர் உலோகத் தட்டு. அந்தத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்க இரண்டு கட்டைகள். சுற்றுகிற தட்டை விரல்களால் இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்துவது போல! 1902-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்று உங்கள் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் முன்சக்கரத்தில் ஓட்டை ஓட்டையாக ஒரு தட்டு தெரிகிறதா? அதுதான் டிஸ்க் பிரேக். அதன் தாத்தாதான் லான்செஸ்டரின் பிரேக்.

யோசனை அருமை. ஆனால் ஓட்டிப் பார்த்தால்... 'கிறீச்ச்!' தட்டும் உலோகம். அதைக் கவ்வும் கட்டையிலும் செம்பு. உலோகம் உலோகத்தோடு உரசினால் எப்படி இருக்கும்? தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அலறியது. போதாக்குறைக்கு, அந்தக் காலத்துப் புழுதிச் சாலைகளில் செம்பு சீக்கிரமே தேய்ந்தும் போனது.

அந்தக் குறையைத் தீர்த்தவர் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்ற இன்னோர் ஆங்கிலேயர். அவர் இருந்தது டெர்பிஷயர் என்ற மலைப்பகுதி. நம் போடிமெட்டு மாதிரி அங்கேயும் ஏற்ற இறக்கம் அதிகம். சரக்கு ஏற்றிய குதிரை வண்டிகள் சரிவில் இறங்கும்போது மரக்கட்டையைச் சக்கரத்தில் அழுத்திப் பிரேக் போடுவார்கள். கட்டை வழுக்காமல் இருக்க, வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸை அதில் வைத்து ஆணி அடித்திருந்தார்கள். அதைப் பார்த்த ஃப்ரூட், கட்டைக்கு மேலே நன்றாகப் பிடிக்கிற ஒரு உறை போட்டால் போதுமே என்று 1897-இல் ஆராய்ச்சியில் இறங்கினார். பஞ்சு, பிசின் என்று பலவற்றைச் சேர்த்துப் பார்த்தார். பிறகு கல்நார் என்ற தீப்பிடிக்காத பொருளுக்கு வந்தார். உலோகத்துக்கு நடுவில் அந்த உறை வந்ததும் அலறல் வெகுவாகக் குறைந்தது. அதைத்தான் நம் ஒர்க்‌ஷாப்புகளில் பிரேக் லைனிங் என்கிறார்கள்.

ஒரு சோகமும் இதில் உண்டு. கல்நார்த் தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரல் கெடும், புற்றுநோய் வரும் என்பது பல வருஷங்களுக்குப் பிறகுதான் உலகத்துக்கு நன்றாகப் புரிந்தது. அந்த வேலை பார்த்தவர்கள் பலர் நோயில் விழுந்தார்கள். பிரிட்டன் 1999-இல் கல்நாரை முழுவதுமாகத் தடை செய்தது. இப்போது கல்நார் இல்லாத லைனிங்குகள் வந்துவிட்டன. ஆனாலும் எந்த பிரேக் தூசியையும் வாயால் ஊதக்கூடாது. முகர்ந்து பார்க்கவும் கூடாது.

அதிர்வைத் தின்னும் தட்டு

லான்செஸ்டருக்குக் கண்டுபிடிக்கத் தெரிந்த அளவுக்கு வியாபாரம் தெரியவில்லை. கம்பெனி 1904-இல் கடனில் சிக்கியது. பிறகு அது வேறு பெயரில் மீண்டபோது, அவர் அதில் வெறும் வடிவமைப்பாளர். கொஞ்ச காலத்தில் பொறுப்பைத் தம்பி ஜார்ஜிடம் விட்டுவிட்டு வெளியேறினார். டெய்ம்லர் என்ற கார் கம்பெனி அவரை ஆலோசகராக வைத்துக்கொண்டது.

அங்கே ஒரு சிக்கல் காத்திருந்தது. ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்று, குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் பயங்கரமாக அதிர்ந்தது. வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் நின்றுவிடும். லான்செஸ்டர் காரணத்தைப் பிடித்தார். எஞ்சினுக்குள் இருக்கும் நீளமான இரும்புத் தண்டு, ஈரத் துணியைப் பிழிவது போல லேசாக முறுக்கிக்கொண்டு, பிறகு விரிந்துகொண்டிருந்தது. இரும்புதானே, முறுங்காது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்!

தண்டின் முனையில் அவர் ஒரு சாதனத்தைப் பொருத்தினார். எண்ணெய்க்குள் வழுக்கிச் சுற்றும் தட்டுகள் அதில் இருந்தன. தண்டு முறுங்கும்போதெல்லாம் அந்த அதிர்வை எண்ணெய் வாங்கிக்கொண்டு சூடாக மாற்றிவிட்டது. பிறகு நான்கு சிலிண்டர் எஞ்சின்களுக்காக, எதிரெதிராகச் சுற்றி அதிர்வை அடக்கும் இரண்டு தண்டுகளையும் வடிவமைத்தார். அந்த யோசனையை 1970-களில் ஜப்பானின் மிட்சுபிஷி கம்பெனி மறுபடி கையில் எடுத்தது. இன்றும் பல கார்களில் அது இருக்கிறது.

கார் மட்டுமல்ல. கடல் பயணத்தின்போது சிறகை அசைக்காமல் மிதந்த பறவைகளைப் பார்த்து, விமானத்தின் இறக்கை எப்படித் தூக்கும் என்று ஆராய்ந்தார். 1897-இல் அவர் எழுதிய கட்டுரையை அறிஞர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனம் தளராமல் 1907-இலும் 1908-இலும் இரண்டு பெரிய புத்தகங்களாக எழுதினார். 1922-இல் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

சரி, ஜீப்புக்கு வருவோம்!

நம் ஜீப் இன்னும் வளைவில்தான் நிற்கிறது. லான்செஸ்டர் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பார்? அதிர்வு எங்கே பிறக்கிறது என்றுதான் முதலில் தேடியிருப்பார். நீங்களும் தேடலாம். ஆனால் காதாலும் கண்ணாலும் மட்டும். வண்டியைத் தொட்டுப் பார்ப்பது மெக்கானிக்கின் வேலை.

முதலில் 'கிறீச்'. கரும்பலகையில் சாக்பீஸ் கிறீச்சிடுவதைக் கேட்டிருக்கிறீர்களே! சாக்பீஸ் பலகையில் ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டி, வழுக்கிக்கொண்டே போகிறது. பிரேக் கட்டையும் தட்டின் மேல் இப்படித்தான் ஒட்டி ஒட்டி வழுக்கி, விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிர்கிறது. அதனால்தான் காதுக்குக் கேட்கிறது.

அடுத்து நடுக்கம். இது வேறு. ஜீப் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 2 மீட்டர் நகரும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால், விநாடிக்கு 8 சுற்று. தட்டு கோணலாக இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறையாவது கட்டையை இடிக்கும். விநாடிக்கு எட்டுமுறை இடித்தால் காதுக்குக் கேட்காது, கைக்குத்தான் தெரியும். வேகம் குறைந்தால் நடுக்கமும் மெதுவாகும்.

இப்போது துப்பறியலாமா?

1. காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் மட்டும் சத்தம் வந்து, பிறகு நின்றுவிடுகிறதா? இரவுப் பனியில் தட்டின் மேல் மெல்லிய துரு படிந்திருக்கும். பயப்பட வேண்டாம்.

2. பிரேக் போட்டு ஓரிரு நாள்தான் ஆகிறதா? புதுச் செருப்பு காலுக்குப் பழகுவது போல, புதுக் கட்டையும் தட்டும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். சமதளமான, ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் மிதமாகப் பலமுறை பிரேக் போட்டுப் பழக்குவார்கள். மலைச்சரிவு அதற்கு ஏற்ற இடம் இல்லை.

3. நாட்கள் போன பிறகும் கிறீச் நிற்கவில்லையா? கட்டைக்குப் பின்னால் வைக்க வேண்டிய மெல்லிய தகடோ, கட்டையை ஆடாமல் பிடிக்கும் கிளிப்போ விட்டுப்போயிருக்கலாம். கவ்வும் பாகம் நகர்கிற ஊசிகளில் கிரீஸ் காய்ந்திருக்கலாம். கட்டையில் எண்ணெய்க் கை பட்டிருக்கலாம். அந்தத் தகட்டில் பெரும்பாலும் ரப்பர் போன்ற ஒரு பூச்சு இருக்கும். அதற்கு வேலை என்ன தெரியுமா? அதிர்வைத் தின்பது. லான்செஸ்டரின் எண்ணெய்த் தட்டுகள் செய்த அதே வேலை!

4. பிரேக் போடும்போது மட்டும் ஸ்டீயரிங் நடுங்குகிறதா? பெரும்பாலும் முன்சக்கரத்துத் தட்டில் கோளாறு. உட்காரும் இடம் நடுங்கினால் பின்சக்கரத்தைப் பார்க்க வேண்டும். புதுத் தட்டை மாட்டும்போது, அது உட்காரும் இடத்தில் இருந்த பழைய துருவைத் துடைக்காமல் விட்டால் தட்டு சாய்ந்து உட்காரும். சக்கரத்தின் போல்ட்டுகளை ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் முறுக்கினாலும் அப்படித்தான். நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாள் அளவுக்கு, அதாவது சுமார் 0.1 மில்லிமீட்டர் சாய்ந்தாலே, சில வாரங்களில் தட்டு ஓர் இடத்தில் அதிகமாகத் தேய்ந்து நடுக்கம் வந்துவிடும்.

5. 'கரகர' என்று இரும்பு அறுக்கிற சத்தமா? லைனிங் முழுவதும் தேய்ந்து இரும்பு தட்டில் உரசுகிறது. அதற்கு மேல் ஓட்டவே கூடாது.

6. கருகிய வாசனை வருகிறதா? பெடல் பஞ்சு போல அமுங்குகிறதா? பிரேக் அளவுக்கு மேல் சூடாகிவிட்டது. நிறுத்தி ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் தட்டு விரிசல் விடலாம்.

அவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது என்கிறீர்களா? ஆட்களோடு சேர்த்து 2 டன் எடையுள்ள ஒரு ஜீப், போடிமெட்டில் இருந்து அடிவாரத்துக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறது. அதில் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு 60 லிட்டருக்கும் மேல் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்! அத்தனையையும் பிரேக்கின் தலையில் கட்டினால் அது என்ன செய்யும்? அதனால்தான் அனுபவமுள்ள டிரைவர்கள், ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குகிறார்கள். பாதிச் சுமையை எஞ்சின் வாங்கிக்கொள்ளும்.

நம் ஜீப்பில் என்ன கோளாறு? போடியில் இருந்து மெக்கானிக் வந்து முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கிறார். தட்டுக்குப் பின்னால் பழைய துரு, பொரிந்துபோய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கத் தகட்டையும் காணோம். துருவைச் சுரண்டி, தகட்டை வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக ஒரே அளவில் முறுக்குகிறார். அவர் கூடவே வர, வண்டி மெதுவாக அடுத்த வளைவுக்கு இறங்குகிறது. பிரேக். சத்தம் இல்லை! எல்லோரும் மூச்சு விடுகிறார்கள்.

தாமதமாக வந்த வெற்றி

லான்செஸ்டரின் கடைசிக் காலம் சுகமானதாக இல்லை. பார்க்கின்சன் நோயில் கை நடுங்கியது. ஊரெல்லாம் அதிர்வை அடக்கியவரால் தன் கையின் நடுக்கத்தை நிறுத்த முடியவில்லை. கண் பார்வையும் போனது. பணமும் இல்லை. 1945-இல் பொறியாளர்களின் உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஜேம்ஸ் வாட் பதக்கம் அவரைத் தேடி வந்தது. 1946 மார்ச் 8-ஆம் தேதி பர்மிங்ஹாமில் அவர் காலமானார்.

அவருடைய பிரேக்? இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானச் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. 1953-இல் பிரான்சின் லே மான் நகரில் நடந்த 24 மணி நேரக் கார் பந்தயத்தில், டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் முதலிடம் பிடித்தது. அதற்குப் பிறகு உலகமே அந்த பிரேக்குக்கு மாறத் தொடங்கியது. காப்புரிமை வாங்கி 51 வருஷங்கள் கழித்து! அதைப் பார்க்க லான்செஸ்டர் உயிரோடு இல்லை. நம் சென்னை பாடியிலும் 1962 முதல் பிரேக் செய்யும் தொழில் வளர்ந்து, இன்று வாகனங்களின் பிரேக்குகளும் லைனிங்குகளும் அங்கே தயாராகின்றன.

அடுத்த முறை பஸ்ஸிலோ ஜீப்பிலோ மலை இறங்கும்போது கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். வழக்கமாக இல்லாத சத்தம் கேட்டால், சின்னப் பிள்ளை சொன்னால் கேட்பார்களா என்று தயங்காமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள். எப்போது கேட்டது, எந்தப் பக்கம் கேட்டது, பிரேக் போட்டபோது மட்டுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம்!

செய்து பாருங்கள்

விளிம்பு உடையாத ஒரு கண்ணாடிக் கோப்பையில் பாதி தண்ணீர் ஊற்றுங்கள். கோப்பை மெல்லியதாக இருந்தால் நல்லது. விரலை நனைத்து, விளிம்பின் மேல் மெதுவாக, ஒரே சீராகச் சுற்றுங்கள். சற்று நேரத்தில் 'ஙொய்' என்று கோப்பை பாடும். விரல் ஒட்டி ஒட்டி வழுக்குவதால் வரும் பாட்டு அது. இப்போது இன்னொரு கையால் கோப்பையை மெதுவாகத் தொடுங்கள். பாட்டு நின்றுவிடும். உங்கள் கை அதிர்வைத் தின்றுவிட்டது!